ஆபரேஷன் யாருக்கு?

(கர்ப்பம், கருத்தடை, பெண்கள் உடல்நலம்: மெக்கானிக்கல் மாணவன் ஒருவன் படித்ததும் கேட்டதும்)



மூன்று ஆண்டுப் படிப்பில் எத்தனையோ எந்திரங்களைக் கழற்றி மாட்டப் பழகிவிட்டோம். சென்ட்ரிபியூகல் பம்ப், நாலு ஸ்ட்ரோக் என்ஜின், டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றுக்கும் படம் போட்டுப் பாகம் குறிக்கிறோம். ஆனால் நம்மைப் பத்து மாதம் சுமந்த கருப்பை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது, "நீங்களே படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். தள்ளிவிட்ட அந்தப் பக்கங்களைத்தான் இந்த மலரில் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஆண் நண்பர்கள் அடுத்த கட்டுரைக்குத் தாவிவிட வேண்டாம். கட்டுரையின் பின்பாதி முழுக்க உங்களுக்காகத்தான்.

நம் ஊர்க் கணக்கு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை வட்டாரம் முழுக்கக் கரிசல் காடு. மழை பெய்தால் கம்பு, உளுந்து, பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். காட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, பாதிக்கு மேல் வேலை பெண்கள் கையில்தான் ஓடுகிறது. என் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர்தான்.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லும் மூன்று எண்களைக் கவனியுங்கள்.

ஒன்று: ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8. 1970-களின் தொடக்கத்தில் இது நாலை ஒட்டி இருந்தது. 1990-களிலேயே தமிழ்நாடு இரண்டு குழந்தை அளவுக்கு வந்துவிட்டது.

இரண்டு: 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை.

மூன்று: அதே வயதில் உள்ள, திருமணமான பெண்களில் 100-க்கு 58 பேர் தங்கள் உடம்பில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகள் 1,000-க்கு 1.

முதல் எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது யார் என்பது மற்ற இரண்டு எண்களிலும் இருக்கிறது.

மாதச் சுழற்சி

முதலில் உடம்பு ஓடும் முறையைப் பார்ப்போம். கருப்பையின் இரு பக்கமும் சினைப்பைகள். மாதம் ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளியே வந்து கருக்குழாய்க்குள் போகும். அது கருவுற்றால் தங்குவதற்காகக் கருப்பையின் உட்சுவர் இரத்தமும் சதையுமாகத் தடித்துத் தயாராக இருக்கும். கரு வராவிட்டால் அந்தச் சுவர் கரைந்து வெளியேறும். அதுதான் மாதவிலக்கு. இதில் தீட்டு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நாம் எல்லோரும் தங்கி வளர்ந்த மெத்தை அது. "வீட்டுக்குத் தூரம்" என்று பெண்ணைத் திண்ணையில் உட்கார வைப்பதற்கு அறிவியலில் ஒரு காரணமும் கிடையாது.

சுழற்சி சராசரியாக 28 நாள். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்புதான். சினைமுட்டை வெளிவருவது, அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்னால். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆனால் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே கரு உண்டாகக்கூடிய காலம் மாதத்தில் சுமார் 6 நாள்.

இங்கே ஒரு சூட்சுமம். இந்த 14 நாள் பின்னாலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. அடுத்த மாதவிலக்கு வந்த பிறகுதான் முட்டை எப்போது வந்தது என்று சொல்ல முடியும். வேலைப்பளு, காய்ச்சல், கவலை எது வந்தாலும் நாள் தள்ளிப்போகும். "நாள் பார்த்து" இருந்தவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கரு நின்றுவிட்டால் பிரசவத் தேதி பார்ப்பதும் எளிதுதான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள், அதாவது 28 நாள் மாதமாகப் பத்து. நம்ம ஆச்சிமார் சொல்லும் "பத்து மாசம்" சரியான கணக்குதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பொட்டப்புள்ளையாப் பெத்துப் போட்டுட்டா" என்று மருமகளைப் பேசும் வீடு இன்னும் இருக்கிறது. சினைமுட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான் உண்டு. விந்தணுவில்தான் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. ஒய் வந்தால் ஆண், எக்ஸ் வந்தால் பெண். பேச்சு வாங்க வேண்டிய ஆள் யாராவது இருந்தால் அது மருமகள் இல்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இரத்தம்: டேங்கில் எவ்வளவு இருக்கிறது?

பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. கர்ப்பிணிக்கு இந்த அளவு 11. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழ் என்றால் ஆபத்து.

மாதாமாதம் இரத்த இழப்பு, அடுத்தடுத்த பிரசவம், செருப்பில்லாமல் காட்டில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு, எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் எல்லாம் சேர்ந்து இதற்குக் காரணம். சாப்பாடே மாறிப்போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம் கூடக் கிடையாது. கம்பங்கஞ்சியை ஏழைச் சாப்பாடு என்று கைவிட்டோம். இரும்பையும் அதோடு கைவிட்டோம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரை இலவசம். நான்காவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் கட்டும். இதற்குப் பயந்து மாத்திரையைக் கூரையில் சொருகி வைக்கிறவர்கள் உண்டு. கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட வேண்டாம். சாப்பிட்டவுடன் டீ, காபி குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக ஒட்டும். முருங்கைக்கீரையும் கம்பும் நம் வட்டாரத்தில் கிடைக்காத பொருளா?

இரத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்காகச் சொல்கிறேன். மாதம் நிறைந்த கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் அந்த இடத்து இரத்தக் குழாய்கள் திறந்தபடி இருக்கும். கருப்பைத் தசை இறுகிச் சுருங்கினால்தான் அவை அடைபடும். அந்தத் தசைதான் வால்வு. வால்வு மூடவில்லை என்றால் என்ன ஆகும்? உடம்பில் இருப்பது 5, 6 லிட்டர். பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்று உங்கள் கால்குலேட்டரே சொல்லிவிடும். ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண் இதில் பாதி இழப்பைக்கூடத் தாங்க மாட்டாள். பிரசவத்தில் தாய் இறப்பதற்கான பெரிய காரணங்களில் ஒன்று இந்த உதிரப்போக்கு. ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுவது அந்த வால்வை மூடத்தான். வீட்டில் பிரசவம் வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் உயிர் போவதற்கு மூன்று தாமதங்களைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம். போய்ச் சேரும் தாமதம். சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கும் தாமதம்.

மூன்றாவதை அரசு ஓரளவு குறைத்திருக்கிறது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரசவ சிகிச்சைப் பிரிவுகள் வந்தன. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு இந்தியா முழுவதும் 97, தமிழ்நாட்டில் 54.

இரண்டாவது தாமதம் கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தனியாகவே உண்டு. சிவில் நண்பர்களுக்குத் தெரியும், கரிசல் மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டிப்பாதையில் டயர் இறங்கினால் மேலே வராது. 2008-லிருந்து 108 வண்டி இருக்கிறது. ஆனால் மெயின் ரோடு வரைக்கும் வரும் வண்டி, காட்டுப்பாதையில் உள்ள வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் தேதி விழுந்தால், ஒரு வாரம் முன்பே ரோட்டோரம் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது நல்லது.

முதல் தாமதம்தான் நம் கையில் இருப்பது. இரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், பிள்ளை அசைவு குறைதல். இதில் ஒன்று இருந்தாலும் "அவுக வரட்டும், கேட்டுட்டுப் போவோம்" என்று காத்திருக்கக் கூடாது. என் மதினிக்கு எட்டாம் மாதத்தில் தலைவலியும் கால் வீக்கமும் வந்தபோது, "பித்தம், படுத்தாச் சரியாப் போகும்" என்றார்கள் வீட்டில். எங்கள் ஊர் நர்சம்மா பிரஷர் பார்த்துவிட்டு, நின்ற நிலையில் ஆட்டோ ஏற்றி அனுப்பினார். தாயும் பிள்ளையும் சுகம். அந்த அரை மணி நேரத்தில் நர்சம்மா முடிவெடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

என்னென்ன முறைகள்?

ஆணுறை: 1968-ல் நிரோத் என்ற பெயரில் அரசே மலிவு விலைக்குக் கொண்டுவந்தது. எச்.ஐ.வி. முதலிய பால்வினை நோய்களையும் சேர்த்துத் தடுப்பது இங்கே சொல்லும் முறைகளில் இது ஒன்றுதான்.

மாலா-என்: தினம் ஒரு மாத்திரை. அட்டையில் 28. அதில் 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. மறக்காமல் போட்டால்தான் பலன்.

சாயா: லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த நம் நாட்டு மாத்திரை. 1991-ல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. இதில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று.

அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒன்று. 2017-லிருந்து அரசுத் திட்டத்தில் உள்ளது.

காப்பர்-டி: கருப்பைக்குள் வைக்கும் சிறு கருவி. செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. 380-ஏ வகை 10 ஆண்டு வரை பலன் தரும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

எது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டரிடமோ நர்சிடமோ கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரஷர், மஞ்சள் காமாலை, பால் கொடுக்கும் காலம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்வார்கள். நம் ஊரில் இந்த முறைகளையெல்லாம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இருபதில் கல்யாணம், இருபத்து நாலுக்குள் இரண்டு பிள்ளை, இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன். என் அம்மாவுக்கும் அப்படித்தான். இரண்டு பிள்ளைக்கும் நடுவே இடைவெளி விடுவதற்கு ஒரு வழி இருக்கிறது என்றே அப்போது அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் யாருக்கு?

இப்போது விஷயத்துக்கு வருவோம். இரண்டு ஆபரேஷனையும் எந்திரவியல் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து உள்ளே போய்க் கருக்குழாயைக் கட்டி வெட்ட வேண்டும். லேப்ராஸ்கோப்பி என்றாலும் வயிற்றைத் துளைத்துத்தான் போக வேண்டும். ஆணுக்கு விந்துக்குழாய் தோலுக்கு அடியிலேயே, கைக்குத் தட்டுப்படும் இடத்தில் இருக்கிறது. நவீன வாசக்டமியில் கத்தி இல்லை, தையல் இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு சிறு துளை வழியாக முடித்துவிடுகிறார்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. அன்றே வீட்டுக்குப் போகலாம். சில நாள் ஓய்வு, அப்புறம் வழக்கம்போல வேலை.

"வீரியம் போயிரும், மம்பட்டி பிடிக்க முடியாது" என்ற பயம்தான் ஆண்களைத் தடுக்கிறது. அதற்குப் பதில் இது. விந்தணு போகும் பாதை வேறு, ஆண்மைக்கான ஹார்மோன் போகும் பாதை வேறு. ஹார்மோன் விரையிலிருந்து நேராக இரத்தத்தில் கலக்கிறது. வெட்டுவது விந்தணுக் குழாயை மட்டும்தான். தண்ணீர் லைனை அடைத்தால் கரண்ட் லைன் நிற்குமா? விந்துத் திரவத்தில் விந்தணு மிகச் சிறு பங்குதான், மீதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவது. அதனால் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணு காலியாக மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு முறை வேண்டும். பிறகு டெஸ்ட் செய்து, விந்தணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு எளிதான ஆபரேஷன் 1,000-க்கு 1 என்று ஆனது எப்படி? எப்போதும் இப்படி இல்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். பிறகு 1975-77 நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன். அதில் முக்கால்வாசி ஆண்கள். குறிப்பாக வட மாநிலங்களில் பலரைக் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். அந்தக் கோபம் 1977 தேர்தலில் வெடித்தது. அடுத்த ஆண்டு மொத்த ஆபரேஷன் 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதன் பிறகு எந்த அரசும் ஆண்களிடம் போய் அழுத்திக் கேட்கத் துணியவில்லை. இலக்கு மட்டும் அப்படியே இருந்தது. அது முழுக்கப் பெண்கள் தலையில் இறங்கியது. 1996-ல் இலக்கு முறையைக் கைவிட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. கட்டாயம் ஆணுக்குத் தப்பு என்றால், வேறு வழி சொல்லாமல் பெண்ணை மட்டும் படுக்க வைப்பதும் தப்புதானே?

1930-களிலேயே பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காக, தாயின் உடல்நலத்துக்காக என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்றார் அவர். பிள்ளை பெறுவதா, எப்போது, எத்தனை என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நாம் எண்ணிக்கையில் ஜெயித்துவிட்டோம். தீர்மானிப்பது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தெரிந்திருக்க வேண்டிய சட்டங்கள்

1. பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21. அதற்கு முன் நடப்பது குழந்தைத் திருமணம். 1098-க்குச் சொல்லலாம்.

2. கருக்கலைப்பு 1971-ம் ஆண்டுச் சட்டப்படி சட்டப்பூர்வமானது. 2021 திருத்தப்படி, சட்டம் சொல்லும் காரணங்களுக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து, சில வகையினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர் கருத்து வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்துச் சட்டப்படி தேவையில்லை. மணமாகாத பெண்களுக்கும் இந்த 24 வார உரிமை பொருந்தும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயரை வெளியே சொல்லக் கூடாது. பயந்துகொண்டு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவதும், நாட்டு மருந்தைத் தேடிப் போவதும் உயிருக்கு ஆபத்து.

3. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 2017 முதல் 26 வாரச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் அக்காமார் தங்கள் பெயர் ரிஜிஸ்தரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது இதற்காகத்தான். பெயர் இல்லாவிட்டால் 80 நாளை நிரூபிக்க முடியாது.

4. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவி கிடைக்கிறது. 2018-ல் இது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் ஆக்கப்பட்டது. கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் ஊர் நர்சம்மாவிடம் பதிவு செய்ய வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

18 வயது நிறைந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நம் கல்லூரியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவர் இரத்த வகையையும் எழுதி, மாணவர் சங்க நோட்டில் ஒரு பட்டியல் வைத்தால், பிரசவ வார்டிலிருந்து கேட்டு வரும்போது அலைய வேண்டியதில்லை. அடுத்த செமஸ்டருக்குள் இதைச் செய்து முடிக்கச் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவியர் அறையில் நாப்கின் பெட்டி காலியாக இருந்தால் அதுவும் சங்கத்தின் வேலைதான். தங்கைக்கு நாப்கின் வாங்கப் போகும்போது கறுப்புக் கவரும் பேப்பர் சுருட்டலும் கேட்காமல் வாங்கி வாருங்கள். அக்கா, மதினி கர்ப்பமாக இருந்தால் பைக்கில் ஏற்றிச் செக்கப்புக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை போட்டாளா என்று கேளுங்கள். குடத்தை நீங்கள் தூக்குங்கள்.

இன்னும் ஏழெட்டு வருஷத்தில் நம்மில் பெரும்பாலோருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். இரண்டாவது பிள்ளை பிறந்த அன்று டாக்டர் வந்து, "ஆபரேஷன் யாருக்கு?" என்று கேட்பார். பிரசவ வலி அடங்காமல் படுத்திருப்பவளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், "எனக்கு" என்று சொல்லும் மனசு நம்மில் பத்துப் பேருக்கு வந்தாலும் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)